பால் வண்டி அதிர்கிறதா?

கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பழைய புல்லட்டில் பால் கேன் ஏற்றிச் செல்லும் அன்பர்கள், வண்டி கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தால் உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டாம். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து தயாரான இவ்வண்டியில், ரப்பர் இல்லாமல் தகடுகளும் போல்ட்டுகளுமே என்ஜினைப் பிரேமுடன் பிணைக்கின்றன. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் ஓரளவு அதிர்வு இயல்பே. புதிதாகக் கூடினால்தான் கோளாறு.

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலோ பிடிப்பில் பழுது உள்ளது. நட்டு தளர்ந்திருந்தால் முறுக்கினால் போதும். துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் தகட்டையும் போல்ட்டையும் மாற்ற வேண்டும். பிடிப்பு சரியாக இருந்தும் அதிர்ந்தால் மட்டுமே கிராங்க் பேரிங்கைச் சோதிக்கலாம். தாமதித்தால் பிரேமில் விரிசல் விழும். சுமையோடு ஓடும்போது அது உயிருக்கே ஆபத்து.