மூக்கைக் கழுவும் நீரும் ஊராட்சியின் கடமையும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திலும் தென்காசியிலும் பண்பொழியிலும் சாரல் பெய்கின்றது. வெயில் தணிந்து வயல்கள் உழவுக்கு ஆயத்தமாகும் அந்நாட்களில், மூக்கடைப்பும் தலைபாரமும் கன்னவலியும் கொண்டு துன்புறுவோரையும் ஊர்தோறும் காண்கின்றோம். இத்தொல்லையை நம் முன்னோர் பீனிசம் என்றனர். இன்று படித்தவரும் படியாதவரும் ஒருங்கே ‘சைனஸ்’ என்கின்றனர். பெரும்பாலோருக்கு இது சில நாட்களில் தானே தணிந்துவிடும். சிலருக்கோ மாதக்கணக்கில் நீடித்து, அறுவைச் சிகிச்சை வரையிலும் செல்லும். இவ்விரு வகையினருக்கும் மருத்துவர்கள் அடிக்கடி கூறும் அறிவுரை ஒன்றுண்டு: “மூக்கை உப்பு நீரால் கழுவுங்கள்” என்பதே அது. அந்நீர் எத்தகையதாக இருத்தல் வேண்டும், அது எவ்வாறு உட்சென்று எவ்வாறு வெளிவருதல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றறைகளும் அவற்றின் மடைகளும்

நம் முகத்தின் எலும்புகளுக்குள், மூக்கைச் சூழ்ந்து நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. கன்னங்களில் ஓரிணை, நெற்றியில் ஓரிணை, இரு கண்களுக்கும் இடையே சிறு சிறு அறைகளின் கூட்டமாக ஓரிணை, மூக்கின் பின்புறத்தில் ஆழத்தே ஓரிணை. இவற்றுள் கன்னத்து அறையே பெரியது. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் ஆகும்.

ஒவ்வோர் அறையும் சிறு துளை ஒன்றின் வழியாக மூக்கினுள் திறக்கின்றது. அத்துளையை வயலின் வடிமடைக்கு ஒப்பிடலாம். மடை அடைபட்டால் வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுவதைப் போலவே, துளை வீங்கி அடைபட்டால் அறையில் சளி தேங்கிச் சீழாகின்றது. கன்னத்து அறைக்கு இன்னுமொரு குறையும் உண்டு. அதன் துளை அடிப்பகுதியில் இல்லை, மேற்பகுதியில் அமைந்துள்ளது. ஆகவே அங்கு ஊறும் சளி தானே வடிந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இடைவிடாது அசைந்து, கிணற்றிலிருந்து ஏற்றம் இறைப்பது போல அதனை மேலே ஏற்றிவிடுகின்றன. தூசியும் புகையும் சளிநோயும் அம்மயிர்களின் வேலையைக் கெடுக்கும்போது வடிகால் நின்றுவிடுகின்றது.

மருத்துவமனையில் நீரை ஆளும் கருவிகள்

பாசனம் உள்ள இடத்தில் வடிகாலும் வேண்டும் என்பதை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மூக்கு மருத்துவமும் இவ்விதிக்கு உட்பட்டதே. முற்காலத்தில், கன்னத்து அறையில் சீழ் கட்டினால் மூக்கின் உட்சுவரில் குழலூசியால் துளையிட்டு, ஹிக்கின்சன் சிரிஞ்சு என்னும் ரப்பர்ப் பந்துக் கருவியால் உப்பு நீரைச் செலுத்துவர். சீழுடன் மூக்கின் வழியே வெளிவரும் நீரை, நோயாளியின் முகவாயின் கீழ் பிடித்த சிறுநீரக வடிவத் தட்டு ஏற்கும். பிடித்த தட்டில் விழுந்த நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் கண்டே மருத்துவர் நோயின் தன்மையை அறிவார்.

ஹரால்டு ஹாப்கின்சு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1959 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கண்ணாடித் தண்டு வில்லைகளால், மெல்லிய குழல்வழியே மூக்கினுள் தெளிவாகப் பார்ப்பது இயலுவதாயிற்று. ஆஸ்திரிய நாட்டுக் கிராசு நகரின் மருத்துவர் மெசர்கிளிங்கர் அக்குழலைக் கொண்டு சளி செல்லும் வழிகளை ஆராய்ந்தார். அவருடைய ஆராய்ச்சியின் பயனாக, புதிய துளையிடுவதை விட இயற்கையான மடையையே திறந்துவிடுவது நன்று என்னும் கொள்கை 1980-களில் உலகெங்கும் பரவிற்று.

இவ்வகை அறுவையில் நீரை ஆள்வதே பாதி வேலை எனலாம். ஒரு துளி இரத்தம் குழலின் கண்ணாடியை மூடினாலும் மருத்துவருக்கு வழி தெரியாது. கண்ணும் மூளையும் அருகிலேயே இருப்பதால் வழி தவறுவது பேராபத்து. ஆகவே உப்பு நீர் பாய்ந்து கண்ணாடியைக் கழுவும் உறை ஒன்று குழலின்மேல் பொருத்தப்படுகின்றது. தசையை நறுக்கும் சுழல் கத்திக் கருவியோ, நறுக்கும் அதே வேளையில் நீரைப் பாய்ச்சி, துணுக்குகளை உறிஞ்சியும் விடுகின்றது. உறிஞ்சு பொறி அனைத்தையும் அளவுக் கோடுகளிட்ட புட்டியில் சேர்க்கின்றது. நோயாளியின் தலைப்பக்கம் சற்றே உயர்த்தப்படுவதால் இரத்தக் கசிவு குறைகின்றது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைகளில், கழிவு நீரும் இரத்தமும் கீழிறங்காமலிருக்கத் தொண்டையில் துணி அடைப்பு வைப்பதும் உண்டு. அதனை எண்ணி வைத்து, எண்ணி எடுத்தல் செவிலியர் கடமை.

அளவுக் கோடுகளின் பயனை ஒரு கணக்கால் விளக்குவோம். புட்டியில் 900 மில்லிலிட்டர் சேர்ந்துள்ளது; பாய்ச்சிய உப்பு நீர் 700 மில்லிலிட்டர் என்று கொள்வோம். எஞ்சிய 200 மில்லிலிட்டர் பெரும்பாலும் இரத்தமாகும். நிறைந்த புட்டியைக் கண்டு உறவினர் அஞ்சுவது இயல்பு; அதில் பெரும்பகுதி நீரே என்பதை அறிந்தால் அச்சம் நீங்கும். இக்கழிவு நீரைக் கிருமி நீக்கிய பின்னரே சாக்கடையில் விட வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் அடங்கிய கட்டளையாகும்.

வீட்டில் கழுவும் முறை

மருத்துவமனையில் கழுவும் நீர் கிருமி நீக்கப்பெற்றது. தட்டும் புட்டியும் மருத்துவர் கண்காணிப்பில் உள்ளவை. வீடு திரும்பிய பின்னர் அப்பொறுப்பு நம்முடையதாகின்றது. அறுவைக்குப் பின் மூக்கில் படியும் பொருக்கை அகற்றுவதற்கும், நாட்பட்ட பீனிசத்திற்கும், உப்பு நீர் கழுவல் எளிய துணையாகும். யோகப் பயிற்சியினர் இதனை ஜலநேதி என்பர். மருந்துக் கடைகளில் அமுக்குப் புட்டியும் மூக்குள்ள கெண்டியும் கிடைக்கின்றன.

வெறும் நீர் மூக்கினுள் எரிச்சல் தரும். நம் உடல் நீரின் உப்பளவுக்கு ஒத்த நீரோ எரிச்சல் தருவதில்லை. அவ்வளவாவது ஒரு லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டர் நீருக்கு அயோடின் கலவாத தூய தூளுப்பு முக்கால் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை போதுமானவை. அளவிடத் தயங்குவோர், மருந்துக் கடையில் விற்கும் உப்புப் பொட்டலத்தையோ கிருமி நீக்கிய உப்பு நீரையோ வாங்கிக் கொள்ளலாம்.

நீரைக் கொப்புளித்துக் கொதிக்கச் செய்து, குறைந்தது ஒரு நிமிடம் அவ்வாறே வைத்திருந்து, மூடி ஆறவிடுதல் வேண்டும். ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலத்தல் கூடவே கூடாது. கலந்தால் காய்ச்சியதன் பயன் முழுவதும் போய்விடும். கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் கேனில் வரும் நீராயினும் இவ்விதி ஒன்றே. வெதுவெதுப்பான நீரைக் கெண்டியில் நிறைத்து, குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மேல்நாசியில் மெல்ல ஊற்றினால், கீழ்நாசி வழியே நீர் வெளிவரும். பின்னர் கெண்டியைக் காய்ச்சிய நீரால் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஒருவர் கெண்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது. காதுவலி உள்ளவர்களும் மூக்கு முற்றிலும் அடைபட்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்தல் தகாது.

காய்ச்சாத நீரின் ஆபத்து

குடித்தால் தீங்கு செய்யாத நீர் மூக்கினுள் சென்றால் மட்டும் தீங்கு செய்யுமோ என்று சிலர் வினவுவர். செய்யும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபாவை விழுங்கினால் நோய் வருவதில்லை. அது மூக்கினுள் சென்றாலோ, மணமறியும் நரம்பின் வழியே மூளையை அடைந்து அதனை அழிக்கின்றது. இந்நோய் மிக அரிது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆயினும் வந்தவர்களுள் பிழைத்தவர் மிகச் சிலரே.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டில் இருவர் இந்நோயால் இறந்தனர். இருவரும் குழாய் நீரைக் காய்ச்சாமல் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். மலைக்கு அப்பால் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கிற்று. குளங்களில் குளித்த சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். 2024 ஆம் ஆண்டில் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன், நோய் விரைவில் கண்டறியப்பட்டமையால் உயிர் பிழைத்தான். செங்கோட்டைக் கணவாய் வழியே நாள்தோறும் மக்கள் போய்வரும் நம் பகுதியினர் இச்செய்தியை அயலாருடையது என ஒதுக்குதல் ஆகாது.

மூக்கினுள் நீர் சென்ற சில நாட்களில், பெரும்பாலும் 12 நாட்களுக்குள், கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனத்தடுமாற்றம் ஆகியன தோன்றினால் ஒரு பொழுதும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளத்தில் குளித்ததையோ மூக்கைக் கழுவியதையோ மருத்துவர் கேளாவிடினும் நாமே கூறுதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவை

முதலாவது, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் காலந்தவறாது கழுவச் செய்தல். வண்டல் படிந்த தொட்டியில் குளோரின் வீணாகும், கிருமி தங்கும்.

இரண்டாவது, நாள்தோறும் குளோரின் இடுதல். நல்ல பிளீச்சிங் பவுடராயின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொது நல மருத்துவ நூல்களின் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் ஆகின்றது. தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே குழாயில் விட வேண்டும். திறந்து கிடந்த மூட்டையின் தூள் வலுக் குன்றிப் போகும். அதற்கு இக்கணக்குப் பொருந்தாது.

மூன்றாவது, சோதித்துப் பார்த்தல். தொட்டியடியில் அன்று, தெருக்கோடியின் கடைசிக் குழாயில் சோதிக்க வேண்டும். அங்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. லூசியானா மாநிலம் அமீபாவை முன்னிட்டு 2013 ஆம் ஆண்டில் 0.5 மில்லிகிராமைக் கட்டாயமாக்கியது. இவ்வளவு செய்த பின்னரும் மூக்கைக் கழுவும் நீரைக் காய்ச்சியே தீர வேண்டும். குளோரின் காய்ச்சுதலுக்கு மாற்று அன்று.

நான்காவது, கோடையில் நீர் வற்றி வெதுவெதுப்பாகத் தேங்கும் குளங்களில் சிறுவர் மூழ்கிக் குளிப்பதைத் தடுத்தல். கிராம சபையில் இதனை எடுத்துரைத்தால் தாய்மார் செவிசாய்ப்பர்.

வாய்க்காலில் வரும் நீரைப் பார்த்த பின்பே மடையைத் திறப்பவர் நம் உழவர். அவ்வெச்சரிக்கையை மூக்கினுள் விடும் நீரிடத்தும் காட்டுவோமாக. ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு, ஒரு நிமிடக் கொதி ஆகியவையே இதற்கு வேண்டுவன. இவை எந்த ஏழையின் வீட்டிலும் உண்டு.