காற்று நாளில் தென்னை ஏறலாமா?

ஆடி மாதத்தில் தேங்காய்க்குக் கிராக்கி அதிகம். ஆடி முதல் தேதியன்று சேலம், நாமக்கல், கரூர் பக்கங்களில் தேங்காய் சுடுகிறார்கள். ஆடி வெள்ளிக்கு வேண்டும், பதினெட்டாம் பெருக்குக்கு வேண்டும், அடுத்தாற்போல் பிள்ளையார் சதுர்த்தி வந்துவிடும். வியாபாரி தோப்புக்கே வந்து, "நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா?" என்று கேட்கும் காலம் அது. திருச்சி வட்டாரத்தில் மேல்காற்று ஓங்கி அடிப்பதும் அதே சமயத்தில்தான். காய்க்கு விலை கிடைக்கும் நாளும், மரத்தில் ஆள் ஏறக்கூடாத நாளும் இப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன. பறிப்புக் கூலி, காய் விலை, வண்டி வாடகை எல்லாம் தோப்புக்காரரின் கணக்கில் வருகின்றன. காற்று மட்டும் வருவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, பாலக்காட்டுக் கணவாய் என்ற சுமார் 30 கி.மீ. அகலமுள்ள இடைவெளியில் புகுந்து, கோவை, கரூர் வழியாகக் கிழக்கே வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே. கரூரைத் தாண்டிவிட்டால் இதை மறிக்கப் பெரிய மலை கிடையாது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தில் ஸ்ரீரங்கம் தீவு தொடங்குகிறது. தீவின் இரு பக்கமும் அகன்ற ஆற்றுப்படுகை; மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அது ராஜபாட்டை. ஆகவே மேலூர், திருவானைக்காவல், திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி போன்ற ஊர்களில் ஆற்றங்கரையை ஒட்டி நிற்கும் வரிசை மரத்துக்கும், தோப்பின் நடுவில் இருக்கும் மரத்துக்கும் ஒரே வேளையில்கூட வித்தியாசம் உண்டு. நடுத்தோப்பு மரத்தைப் பார்த்துவிட்டுக் கரை மரத்தில் ஆளை ஏற்றுவது சரியல்ல.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

தரையில் நிற்கிறவர் மேனியில் படுகிற காற்றை வைத்து மரத்தலையின் காற்றை நிதானிக்க முடியாது. இதற்குத் திருச்சிக்காரருக்குப் பாடம் சொல்லவேண்டியதில்லை. தெப்பக்குளத்துக் கடைவீதியில் வியர்வை வழிய நின்றவர், 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை உச்சிக்குப் போனால் மேல்துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தென்னையின் உயரம் அவ்வளவு இல்லைதான். ஆனாலும் திறந்த வெளியில் ஆளின் தலையளவில் வீசும் காற்றைவிட 60 அடி உயரத்தில் வீசும் காற்று ஒன்றேகால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை அதிகமாக இருக்கும். கீழே வாழையும் வேலியும் மறைத்துக்கொண்டிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மரத்தைத் தொட்டுப் பார்க்கிற காற்று, 40 கி.மீ. ஆகும்போது நான்கு ஆள் சேர்ந்து தள்ளுவதுபோல் தள்ளும். "நேற்றைவிடக் கொஞ்சம்தான் அதிகம்" என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

மா, புளி போன்ற மரங்களில் கிளைகள் ஆளுக்கொரு பக்கம் ஆடி, ஒன்றின் ஆட்டத்தை ஒன்று தணித்துவிடுகின்றன. தென்னைக்குக் கிளை இல்லை. ஒரே தண்டு, உச்சியில் பாய் விரித்ததுபோல் மட்டைகள். காற்று அடித்தால் மொத்த மரமும் ஒரே வீச்சாகப் போய் வருகிறது. அந்த உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அரிவாளை வீசுகிறவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பற்றிய மட்டை காய்ந்ததாக இருந்தால் கையோடு வந்துவிடும். வெட்டிய குலை நேராக விழாமல் காற்றோடு விலகிப் போகும். பக்கத்து மட்டை முகத்தில் அறையும். கைதேர்ந்த மரமேறிக்கும் அரிவாள் குறி தவறுவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

காற்றுமானி எந்தத் தோப்பிலும் இல்லை, தேவையும் இல்லை. 1805-ம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த போஃபர்ட் என்பவர் கருவியில்லாமல் காற்றை மதிப்பிட ஓர் அளவு முறையை வகுத்தார். கடலுக்காக ஏற்பட்ட அந்த முறை பிற்பாடு நிலத்துக்கும் பொருத்தப்பட்டு, இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதன்படி, இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் வேகம் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. புழுதியும் கடுதாசித் துண்டும் கிளம்பிப் பறந்தால் 20 முதல் 28. சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. கம்பியில் சீழ்க்கைச் சத்தம் கேட்டு, குடை பிடிக்கச் சிரமமானால் 39-க்கு மேல்.

தென்னைக்கு இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். கீற்று நுனிகள் மட்டும் சலசலத்து, தண்டு அசையாமல் நின்றால் ஏறலாம். தரையில் சருகும் புழுதியும் பறக்க ஆரம்பித்து, மட்டைகள் நன்றாக ஊசலாடினால், இடுப்புக் கயிறுள்ள பழகிய ஆள் மட்டும், குட்டையான, நேரான மரங்களில் ஏறலாம். உயரமான மரங்களை விட்டுவிடவேண்டும். தண்டே ஆடினால், அல்லது மட்டைகளெல்லாம் தலை வாரியதுபோல் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால், அன்று பறிப்பு இல்லை. மின்கம்பியில் சீழ்க்கை கேட்கும் வரை காத்திருந்து பார்ப்பது மிகவும் காலம் கடந்த எச்சரிக்கை.

அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யவும் கூடாது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. நாலு மூச்சு மெதுவாக, ஐந்தாவது மூச்சு பலமாக என்று வரும். ஆளைத் தள்ளுவது அந்த ஐந்தாவது மூச்சு. வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் நேரமாவது, அதாவது பத்து நிமிஷமாவது, தோப்பிலுள்ள உயரமான மரத்தின் தலையைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் அடித்த பலமான வீச்சு எதுவோ அதுவே அன்றைய காற்று. வானிலை அறிவிப்பில் சொல்லப்படும் வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக்கு உரியது என்பதையும், திடீர் வீச்சு அதைவிட மிகுதியாக இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் அந்த அறிவிப்பும் பயன்படும்.

ஆடிக் காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது நேரம் பார்த்து வரும். விடியற்காலையில் தணிந்திருந்து, வெயில் ஏறத் தரை சூடானதும் வலுத்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போகிறது. ஆகையால் வெளிச்சம் வந்தவுடன் தொடங்கி, காற்று எழும்முன் முடித்துவிடுவதே உத்தமம். ஐம்பது மரமுள்ள தோப்பை ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இரண்டு, மூன்று காலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் காலையில், ஆளுக்குக் களைப்பு வருவதற்கு முன், கரையோர மரங்களையும் நெட்டை மரங்களையும் முடிப்பது நல்லது. இரவில் தூறல் விழுந்து தண்டு நனைந்திருந்தால் காயும்வரை பொறுக்கவேண்டும். அதற்குள் காற்று கிளம்பிவிட்டால் மறுநாள்தான்.

சித்திரை, வைகாசிக் காற்று அப்படியல்ல. அதற்கு நேரம் காலம் இல்லை. காலை முழுவதும் இலை அசையாமல் புழுங்கும். பிற்பகலில் மேகம் கோட்டைபோல் எழும்பி, அடிப்பக்கம் கறுத்து, மழைக்கு முன்னால் குளிர்ந்த சூறைக்காற்று பாய்ந்து வரும். வருஷம்தோறும் இப்பகுதியில் குலை தள்ளிய வாழைகளைச் சாய்ப்பது இதுதான். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வரும் சூறை ஒரு நிமிஷத்தில் முக்கால் கி.மீ. கடந்துவிடும். காவிரி மணலில் புழுதி எழும்புவது கண்ணில் பட்டால், மரத்தில் இருப்பவருக்கு மிச்சம் இருப்பது ஒரு நிமிஷமோ, அதற்கும் குறைவோ. கோடையில் பிற்பகல் பறிப்பு வைப்பதே தவறு என்று சொல்லலாம். வைக்க நேர்ந்தால் கீழே ஓர் ஆள் காய் பொறுக்காமல், வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டாலும், தூரத்தில் இடி கேட்டாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

மரத்தலையில் இருக்கும்போது காற்று பிடித்துக்கொண்டால், வெட்டத் தொடங்கிய குலையை முடித்துத் தள்ளிவிட்டு வேறெதையும் தொடாமல் இறங்கவேண்டும். பாதி வெட்டிய குலையை விட்டுவிட்டு இறங்கினால் அது இறங்குகிறவர் தலைமேலேயே வரும். பலமான வீச்சு அடிக்கும்போது, மட்டைகளுக்குக் கீழே வந்து தண்டைக் கட்டிக்கொண்டு, அது ஓய்ந்ததும் மேற்கொண்டு இறங்கலாம். மின்னல் இருந்தால் தங்குவதற்கே இடமில்லை.

எந்தக் காற்றிலும் ஏறக்கூடாத மரங்கள்

1952-ம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் 'தஞ்சாவூர் வாடல்' என்று பெயர் பெற்ற நோய் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்வது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். கீழ்மட்டைகள் வாடித் தண்டை ஒட்டித் தொங்கும். மேலே காய் இருக்கும், கீழே வேர் இருக்காது. சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரமும் அப்படியே. சிறு துளையும் அதில் வழியும் பழுப்புச் சாறும் அதன் அடையாளம். இவற்றில் இளங்காற்றிலும் ஆளை ஏற்றக்கூடாது. தோப்புக்காரர் இம்மரங்களுக்கு முன்கூட்டியே சுண்ணாம்புக் குறி போட்டு வைத்தால், வெளியூரிலிருந்து வரும் புது ஆளுக்கும் தெரியும். மின்கம்பிக்குப் பக்கத்திலுள்ள மரத்தைக் காற்று நாளில் நெருங்கவே வேண்டாம். அங்கே இரும்பு, அலுமினியக் கழி கட்டிய தொரட்டியும் கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. விழுந்ததை எல்லோரும் எண்ணினார்கள். புயலுக்குப் பின் நிற்கும் மரமும் சந்தேகத்துக்கு உரியதுதான். அடியைச் சுற்றி மண் வெடித்திருந்தாலும், மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலும் வேர் அறுந்திருக்கும். முறிந்த மட்டைகள் மேலே சிக்கிக் கிடக்கும். காற்று நின்ற மறுநாளே சுத்தம் செய்ய ஆளை ஏற்றாமல், மரம் மரமாகப் பார்த்த பிறகே ஏற்றவேண்டும்.

கூலிக் கணக்கு

மரமேறிக்கு மரக்கணக்கில் கூலி. ஏறாத மரத்துக்குக் காசு இல்லை. சைக்கிளில் பத்து மைல் வந்தவர், காற்று அடிக்கிறது என்று வெறுங்கையோடு திரும்பிப் போக மனம் ஒப்பமாட்டார்; "பார்த்துக்கொள்ளலாம்" என்று தளைக்கயிற்றை எடுத்துவிடுவார். அவர் துணிச்சலைப் பாராட்டுவதற்கு முன் தோப்புக்காரர் அவருடைய வயிற்றை நினைக்கவேண்டும். காற்றினால் நின்றுபோன நாளுக்குப் பாதிக் கூலி என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், ஏறலாமா வேண்டாமா என்பதை அவர் காற்றைப் பார்த்துச் சொல்வார். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தோப்புக்காரரோ வியாபாரியோ வற்புறுத்த உரிமை கிடையாது.

பறிப்பைத் தள்ளிப்போடுவதால் பெரிய நஷ்டமும் இல்லை. பாளை வெடித்துக் காய் முற்ற சுமார் 12 மாதம் ஆகிறது. 45 நாள், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்திருக்கும் தோப்பில் நாலைந்து நாள் தாமதத்தால் கொப்பரை குறைந்துவிடாது. இளநீருக்கு விட்ட குலையில் வழுக்கை கொஞ்சம் கெட்டிப்படும், அவ்வளவுதான். முற்றிய காய் சில தானே விழும். 60 அடியிலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 65 கி.மீ.க்கு மேல், ஆகவே காற்று நாளில் மரத்தடியில் மாடு கட்டுவதும், கீற்று முடைவதும், பிள்ளைகளை விளையாட விடுவதும் ஆகாது. பண்டிகை விலைதான் வேண்டுமென்றால், ஆனி மாதத்திலேயே அமைதியான ஒரு காலையில் பறித்து, மட்டை உரிக்காமல் நிழலில் அடுக்கி வைத்தால் போதும். முற்றிய காய் அதற்குத் தாங்கும்.

இப்போது ஏறும் கருவிகள் வந்துவிட்டன. கேரளத்தின் செம்பேரி ஜோசப் உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவியும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் கருவியும் பழக்கத்தில் உள்ளன. வழுக்கி விழும் பயத்தை இவை குறைக்கின்றன. மரம் ஆடுவதைக் குறைப்பதில்லை. இறங்கவும் வெறுங்காலைவிட நேரமாகும். எனவே கருவி இருக்கும்போது காற்று விஷயத்தில் முன்னிலும் ஜாக்கிரதையாக இருப்பதே முறை. இடுப்புப் பட்டையை மாட்டாமல் கருவியில் ஏறவே கூடாது.

யாரேனும் விழுந்துவிட்டால் கைகாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. உட்கார வைக்கவும் கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே கால் விளங்காமல் செய்துவிடும். உடம்பை அசைக்காமல் 108-க்குச் சொல்லவேண்டும். வண்டி வர வழியில்லாத படுகைத் தோப்பானால், நாலு பேர் சேர்ந்து, தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி, ஒரு கதவிலோ பலகையிலோ நகர்த்திப் படுக்கவைத்துக் கொண்டுவரலாம். மரமேறிகளுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. தவணையில் பெரும்பகுதியை வாரியமே செலுத்துகிறது. மீதியைத் தோப்புக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தங்களுக்கு வாடிக்கையாகப் பறிக்கும் ஆளுக்காகக் கட்டிவிடலாம். விண்ணப்பத்தை மேல்காற்று தொடங்கும் வைகாசிக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.