'நிதி இல்லை' என்பது சட்டப்படியான பதில் அன்று: ரத்லம் தீர்ப்பும் சேரியின் சாக்கடையும்

பேரூராட்சி மன்றங்களின் தீர்மானப் பதிவேடுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்கு பழகியிருக்கும்: 'நிதி நிலைமைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கலாம்.' பேருந்து நிலையக் கடைகளின் ஏலத்துக்கோ வாரச்சந்தைக் குத்தகைக்கோ இவ்வாக்கியம் எழுதப்படுவது அரிது. ஊருக்குக் கீழ்ப்புறம், தாழ்வான நிலத்தில் அமைந்த ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வடிகால் கேட்டு வரும் மனுவுக்கு இது ஏறத்தாழ அச்சடித்த பதிலாகவே வந்து நிற்கிறது. மறுப்பு என்று சொல்ல முடியாது, ஒப்புதல் என்றும் சொல்ல முடியாது. வழக்குத் தொடுக்கலாம் என்றால் எந்த உத்தரவை எதிர்த்து என்னும் கேள்வி எழும்.

சிறு நகரங்களில் சாதி தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் இடங்களுள் இந்தப் பதிவேடும் ஒன்று. வழக்கு ஒன்றுக்காகப் பேரூராட்சி ஒன்றின் வடிகால் பணி மதிப்பீட்டை ஒருமுறை படிக்க நேர்ந்தது. பணியின் பெயரில் 'பிரதான சாலை முதல் காலனி முகப்பு வரை' என்று எழுதப்பட்டிருந்தது. மேட்டுத் தெருக்களின் கழிவுநீர் அனைத்தும் சிமெண்டு வாய்க்காலில் தடையின்றி ஓடிவந்து, குடியிருப்பின் முதல் வீட்டுக்கு முன்பு மண்ணில் விழுந்தது. அளவுப் பதிவேட்டில் நீளம் சரியாக இருந்தது; பணமும் சரியாகப் பட்டுவாடா ஆகியிருந்தது. தணிக்கையாளர் எவராலும் அதில் குறை காண இயலாது. 'காலனி' என்னும் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும் அந்த மதிப்பீட்டில் நம் மக்களைத் தண்டித்தது 'காலனி' என்ற சொல்லைக் காட்டிலும் அதற்கு அடுத்து வந்த 'முகப்பு வரை' என்ற இரு சொற்களே.

இத்தகைய பதிலுக்கு எதிராக நம்மிடம் 45 ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆயுதம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் அதைச் சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நம் இயக்கங்கள் அதைப் போதிய அளவு எடுத்துப் பயன்படுத்தவில்லை. ரத்லம் நகராட்சி எதிர் வர்திசந்த் வழக்கில் 1980 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே அது.

ரத்லம், மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு சிறிய நகரம். அதன் 12ஆவது வார்டில் 'நியூ ரோடு' என்ற சாலை. திறந்த சாக்கடை, தேங்கிய மலக்கழிவு, அருகிலிருந்த சாராய ஆலையின் கழிவுநீர், கொசு என்று பல ஆண்டுகள் அவதியுற்ற குடியிருப்போர், நகராட்சியிடம் மன்றாடிச் சலித்து, உட்கோட்ட நடுவரிடம் மனுச் செய்தனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நகராட்சிக்கு நடுவர் உத்தரவிட்டார். அமர்வு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயர்நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. ஒரு சாக்கடைக்காக நகராட்சி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அந்த வழக்குச் செலவில் எத்தனை அடி வாய்க்கால் கட்டியிருக்கலாம் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நகராட்சியின் வாதங்கள் இரண்டு. ஒன்று, பணம் இல்லை. மற்றொன்று, சுகாதாரக் கேடு நிறைந்த இடம் என்று தெரிந்தேதான் இவர்கள் அங்கே குடியேறினார்கள். 'பள்ளத்தில் குடியிருந்தால் தண்ணீர் வரத்தானே செய்யும்' என்று இன்று செயல் அலுவலர்கள் சொல்லும் பதிலின் முன்னோடி இது. நம் மக்களைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் கூடுதலான ஒரு கொடுமை உண்டு. பள்ளத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மேடு அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஓ. சின்னப்ப ரெட்டி அமர்வு இரண்டு வாதங்களையும் ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரத்தைக் காப்பது நகராட்சியின் சட்டப்பூர்வக் கடமை. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அக்கடமையிலிருந்து விலக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நகராட்சியிடம் உண்மையிலேயே பணம் இல்லையெனில் மாநில அரசிடம் கடனோ மானியமோ பெற வேண்டும். அது மக்களிடம் சொல்ல வேண்டிய சாக்கு அன்று. தொல்லையை நீக்கு என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், வாய்க்கால் அமைப்பது, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனியே பொதுக் கழிப்பறை கட்டுவது, கொசு ஒழிப்புக்கு அரசின் மலேரியாப் பிரிவை இறக்குவது என்று செய்ய வேண்டியவற்றையும் நீதிமன்றம் வரையறுத்தது. உத்தரவை மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவின்படி நகராட்சி அதிகாரிகள் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்பதையும் நினைவூட்டியது.

இப்போது அந்த 133ஆவது பிரிவு எங்கே? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152ஆவது பிரிவு. எண் மாறியது, அதிகாரம் மாறவில்லை. மாவட்ட நடுவரான ஆட்சியரிடமோ, உட்கோட்ட நடுவரான கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடமோ மனு அளிக்கலாம். காவல்துறை அறிக்கை இருந்தாக வேண்டும் என்பதில்லை. வேறு வகையில் கிடைத்த தகவலே போதும் என்கிறது பிரிவு. முறைப்படி பிறப்பிக்கப்பட்ட உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது. முதலில் நிபந்தனை உத்தரவு வரும்: இத்தனை நாளுக்குள் அகற்று, அல்லது ஏன் அகற்ற இயலாது என்று நேரில் வந்து காரணம் சொல். காரணம் சொன்னால் சாட்சியம் பதிவுசெய்து விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இல்லாத காலக்கெடு ஒன்று இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிறது: விசாரணையை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும், காரணங்களை எழுத்தில் பதிவுசெய்தால் 120 நாள்வரை நீட்டிக்கலாம். புதிய குற்றவியல் சட்டங்களின்மீது எனக்குப் பல கடுமையான விமர்சனங்கள் உண்டு; இந்த ஒரு வரி நமக்குப் பயன்படும்.

உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதைவிட இவ்வழி ஏன் மேலானது என்று கேட்கலாம். நீதிப்பேராணை வழக்குகள் பலவும் 'மனுதாரரின் விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்' என்ற உத்தரவோடு முடிந்துவிடுகின்றன. பரிசீலனை மீண்டும் அதே பேரூராட்சியிடம் வருகிறது. பதிவேட்டில் அதே வாக்கியம் மீண்டும் எழுதப்படுகிறது. 152ஆவது பிரிவிலோ சாட்சியத்தைப் பதிவுசெய்யும் அதிகாரி, மாலையில் வண்டியேறி அந்தச் சாக்கடையை நேரில் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கிறார். அதே காரணத்தால் இதில் ஒரு பலவீனமும் உண்டு. கோட்டாட்சியரும் செயல் அலுவலரும் ஒரே நிர்வாகத்தின் கைகள். ஆய்வுக் கூட்டத்தில் ஒரே மேசையில் அமர்பவர்கள். மனுவை 'மனுநீதி நாள்' மனுபோல ஒப்புகைச் சீட்டுக் கொடுத்துப் பேரூராட்சிக்கே அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே மனுவின் தலைப்பிலேயே பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கு வழக்கு எண் இடுமாறு வற்புறுத்த வேண்டும். எண் இட மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் பெற்று உயர்நீதிமன்றம் செல்லலாம். அப்போது கோரவேண்டியது, ஒரு நடுவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தவறினார் என்ற திட்டவட்டமான நிவாரணம். வெறும் பரிசீலனை அன்று.

உத்தரவை மீறினால் என்ன என்பதிலும் எச்சரிக்கை தேவை. பழைய 188ஆவது பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு. இதன்கீழ் நாம் நேரடியாக வழக்குத் தொடுக்க முடியாது. உத்தரவிட்ட அதிகாரியோ, அவருக்கு மேலானவரோ, அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அரசு ஊழியரோதான் நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் அளிக்க வேண்டும். எனவே உத்தரவு கையில் கிடைத்தவுடன் வெற்றி என்று மேடையில் அறிவித்துவிடாமல், கெடு முடியும் நாளை நாட்குறிப்பில் குறித்துவைத்து, மறுநாளே அடுத்த மனுவோடு போய் நிற்பதே வேலை.

எதிர்த்தரப்பு எழுப்பும் இன்னொரு வாதத்துக்கும் விடை வேண்டும். 'இது ஒரு குடியிருப்பின் பிரச்சினைதானே, பொதுமக்களின் தொல்லை எப்படியாகும்?' ஊர் என்பது பொது, சேரி என்பது தனி என்னும் பழைய கணக்கே சட்டமொழியில் இப்படி வருகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பொதுமக்கள் என்ற சொல் பொதுமக்களுள் எந்த ஒரு வகுப்பையும் எந்த ஒரு சமூகத்தையும் உள்ளடக்கும் என்று 1860இலேயே வரையறுத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த வரையறையை வைத்திருக்கிறது. மெக்காலேயின் கைவண்ணத்தில் நமக்கு நன்மை செய்யும் இடங்கள் குறைவு. இது அவற்றுள் ஒன்று. மனுவில் தவறாமல் எழுத வேண்டும்.

இனி 'நிதி இல்லை' என்பதன் உண்மைத்தன்மை. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலிடும் 18 பொருள்களில் குடிநீர் வழங்கல், பொதுச் சுகாதாரமும் துப்புரவும், குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவை அடங்கும். 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களின் பங்கில் 60 விழுக்காடு குறிப்பிட்ட பணிகளுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டது: பாதி துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும், பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும். மீதி 40 விழுக்காடு உள்ளாட்சி தன் தேவைக்கேற்பச் செலவிடக்கூடியது. ஆகவே 'நிதி இல்லை' என்று சொல்லும் பேரூராட்சியிடம், வந்த தொகை எவ்வளவு, அது எந்த வார்டில், எந்தத் தெருவில் செலவானது என்பதே நம் கேள்வி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதியின் திட்டமிடலுக்கும் பயன்பாட்டுக்கும் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து தம் குடியிருப்புக்கு என்ன கோரப்பட்டது என்றும் கேட்கலாம்.

இவற்றுக்கான விடைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறுவது பலரும் அறிந்த வழி. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு நகல் பெறும் உரிமையோடு நிற்கவில்லை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. நம் குடியிருப்பில் ஒரு வாய்க்கால் கட்டப்பட்டு ஒரே மழையில் பெயர்ந்துபோனால், அந்தச் சிமெண்டுக் கலவையின் மாதிரியைப் பேரூராட்சியின் சான்றோடு நாம் கேட்டுப் பெறலாம். ஒப்பந்தக்காரர்கள் மதிப்பீட்டு நகலுக்கு அஞ்சுவதைவிட இதற்கு அதிகம் அஞ்சுவார்கள். வார்டு உறுப்பினர் நம்மவராக இருந்து, அவர் கொண்டுவரும் பொருளைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஏற்றாமல் தொடர்ந்து தடுத்தால், அது வெறும் அரசியல் பூசல் ஆகாது. பட்டியல் சாதி உறுப்பினரோ தலைவரோ தம் பணியைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம்.

ரத்லம் தீர்ப்பை நான் கொண்டாடும்போதெல்லாம் என்னைத் தயங்கவைக்கும் ஓர் இடம் அதில் இருக்கிறது. பொதுக் கழிப்பறைகளைக் கட்டு என்று சொன்ன அதே மூச்சில், அவற்றுக்குத் தண்ணீரும், காலையும் மாலையும் துப்புரவாளர் சேவையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் உத்தரவு கூறுகிறது. 1980இல், ஒரு சிறு நகரத்தில், காலையும் மாலையும் வந்த அந்தக் கைகள் எந்தச் சமூகத்தின் கைகள் என்று தீர்ப்பு கேட்கவில்லை. குடியிருப்போரின் மாண்பைப் பற்றி அழகாகப் பேசிய தீர்ப்பு, அதைக் காப்பவரின் மாண்பைச் 'சேவை' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டது. நீதிபதிகளின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அவர்கள் நின்று பார்த்த இடம் சாலை. சாக்கடைக்குள் நின்று பார்க்கவில்லை.

நம் மனு அந்த இடத்திலிருந்து எழுதப்பட வேண்டும். ஏனெனில் புதிதாகக் கட்டப்படும் வாய்க்கால் அடைத்துக்கொண்டால், ஒப்பந்ததாரர் அதே குடியிருப்பிலிருந்துதான் ஓர் இளைஞரை அழைப்பார். கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதாரமற்ற கழிப்பறையின் மலக்கழிவு விழும் திறந்த வாய்க்காலைக் கையால் தூய்மை செய்வதையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. இதைப் பல செயல் அலுவலர்கள் அறியார். பாதாளச் சாக்கடைக்கும் மலத்தொட்டிக்கும் மட்டுமே அச்சட்டம் பொருந்தும் என்று எண்ணுகிறார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை இவ்வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவின்படியும் குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அது இறந்த பிறகு வரும் பணம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு சந்தும் உண்டு: கருவிகளும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். ஒரு ஜோடிக் கையுறை வாங்கிய ரசீதைக் கோப்பில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் தப்பிக்கும் வழி அது.

எனவே 152ஆவது பிரிவு மனுவின் வேண்டுதல் பகுதியில், வாய்க்காலை எங்கிருந்து எங்குவரை நீட்ட வேண்டும் என்பதைச் சர்வே எண்ணோடு எழுதும்போதே, அதைத் தூர்வார எந்த இயந்திரம், அதற்கான தொகை எந்தக் கணக்குத் தலைப்பில், இயக்குபவர் பேரூராட்சியின் பணியாளரா ஒப்பந்தக்காரரின் ஆளா என்பவற்றையும் நடுவர் உத்தரவில் பதிவுசெய்யுமாறு கேட்க வேண்டும். இணைப்பாகத் தெருவின் வரைபடம், தேதியிட்ட படங்கள், ஆரம்பச் சுகாதார நிலையத்தின் காய்ச்சல் பதிவு, முந்தைய தீர்மானத்தின் சான்றிட்ட நகல். கையொப்பங்கள் எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு கையொப்பத்துக்கு எதிரேயும் கதவிலக்கம் இருப்பது முக்கியம். விசாரணைக்கு அழைப்பாணை அந்தக் கதவுக்குத்தான் வரும்.