இரத்தம் ஊற உண்போம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. கல்வி என்னும் சித்திரத்தைத் தீட்ட வந்திருக்கும் நமக்கு உடலே சுவர். அச்சுவரை எழுப்பும் கல்லும் சாந்தும் நாம் உண்ணும் உணவிலிருந்தே கிடைக்கின்றன.

உணவிலுள்ள சத்துக்களை மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புக்கள் என ஐந்தாகப் பிரிப்பர். இவற்றோடு நீரும் இன்றியமையாதது. சோறும் கிழங்கும் தரும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி, இரத்தத்தில் கலந்து, நடக்கவும் சிந்திக்கவும் ஆற்றல் அளிக்கிறது. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து தசையையும் தோலையும் வளர்க்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதற்கும் கொழுப்பு துணை செய்கிறது.

தாது உப்புக்களுள் மாணவியராகிய நாம் தனியே கருத வேண்டியது இரும்புச்சத்து. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம்தான். ஆயினும் அது இன்றி மூச்சு பயன்படாது. இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. அதிலுள்ள இரும்பே நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, மூளை முதல் கால்விரல் வரை கொண்டு சேர்க்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது அழிந்ததும் அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் எடுத்துப் புதிய அணுக்களை ஆக்குகிறது.

இத்தனை சிக்கனமான உடலுக்கும் பெண்களிடத்தில் செலவு மிகுதி. மாதவிலக்கில் இரத்தம் வெளியேறுகிறது. வளரும் பருவத்தில் தேவையும் கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அதுவே இரத்தசோகை.

படியேறினால் மூச்சிரைப்பு, பாடத்தில் கவனமின்மை, ஓயாத அசதி, வெளிறிய கண்ணிமை, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். பெற்றோர்களே, இத்தகைய மகளைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வதற்கு முன், அவள் இரத்தத்தை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்னும் வழக்கத்தையும் கைவிடுங்கள்.

இரும்பு எதில் உண்டு? ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, எள் ஆகியவற்றில் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. அதற்கும் வழி உண்டு. வைட்டமின் சி இருந்தால் தாவர இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும். ஆகவே சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிவதும், சோற்றோடு நெல்லிக்காய்த் துவையல் உண்பதும், பின் ஒரு கொய்யாப்பழம் கடிப்பதும் வெறும் ருசிக்காக மட்டுமல்ல. மாறாக, சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் இரும்பு சேர்வது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துக.

வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல்வழியே நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். செருப்பணிவதும் இரத்தம் காக்கும் செயலே.

தோழியரே, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாதீர்கள். அதனை உணவுக்குப்பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது கண்டு அஞ்ச வேண்டாம். காலை உணவைத் தவிர்த்து ஓடி வராதீர்கள். இன்று நாம் சேர்க்கும் இரும்பு நமக்கு மட்டுமன்று. நாளை நாம் தாயாகும்போது பிறக்கும் குழந்தைக்கும் அதுவே முதல் சேமிப்பு. நன்கு உண்போம், நலமுடன் கற்போம்!