மூன்று ஊர்கள் போதும்

பிள்ளைகளைப் படிக்க வைத்து, மணம் முடித்து, பேரப்பிள்ளைகளையும் மடியில் ஏந்திய பின்னரே நம் குடும்பங்களில் பெரியோர் தம்மைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். அவ்வேளையில் பலருடைய உள்ளத்தில் எழும் ஆசை, கண்மூடுமுன் ஒருமுறையேனும் உரோமை நகர் சென்று புனித பேதுருவின் கல்லறை முன் மண்டியிட வேண்டும் என்பதே. 2022 மே 15 அன்று நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் அந்நகரில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, இவ்வாசை மீண்டும் துளிர்விட்ட இல்லங்கள் எத்தனையோ!

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த தம்பதியர் நம்மைக் காண வந்தனர். பெரியவர் பஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், அகவை 68. துணைவியாருக்கு 64. பெரியவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் பத்து நாள்களுக்கு ஏழு நகரங்கள்: உரோமை, அசிசி, சியன்னா, புளோரன்ஸ், மிலான், பதுவை, வெனிஸ். அத்தனையும் இரயிலில். “குழுவோடு சென்றால் பேருந்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது கழிகிறது என்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் நிதானமாகச் சென்றுவர விரும்புகிறோம்” என்றார்.

அவர் கை கழுவ உள்ளே சென்றபோது, அம்மையார் தாழ்ந்த குரலில், “எனக்கு முழங்கால் தாங்காதுங்க. சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவார். நாற்பது வருட ஆசை, அதனால்தான் வாய் திறக்கவில்லை” என்றார்.

அதை வெளியிட நமக்கு உரிமை இல்லை. ஆகவே பெரியவர் வந்தமர்ந்ததும், அவருடைய தாளையே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றோம்.

நகரங்களை அல்ல, நாள்களை எண்ணுக

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இடம் பெயரும் ஒவ்வொரு முறையும் அரை நாள் செலவாகிறது. காலையில் பெட்டி கட்டுதல், நிலையம் சேருதல், இரயில், புதிய ஊரில் விடுதியைத் தேடுதல் என அது தேய்ந்துபோகிறது. ஏழு ஊர் என்றால் ஆறு இடமாற்றம். பத்து நாளில் மூன்று நாள் பெட்டியோடு போயிற்று. எஞ்சிய நாள்களிலும் களைப்பே மிஞ்சும்.

அடுத்துப் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு வந்தோம். உச்சிவரை 551 படிகள். மின்தூக்கியில் பாதி வழி சென்றாலும் எஞ்சியவை 320. பெரியவர் துணைவியாரைத் திரும்பிப் பார்த்து, “உன்னால் ஏற முடியுமா?” என்றார். சிறிது நேரம் மௌனம். பின்பு அம்மையார் உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து மிலானை அடித்தார், பிறகு சியன்னாவை, பிறகு குவிமாடத்தையும்.

அன்று மாலைக்குள் உருவான திட்டத்தை மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்றெண்ணி இங்கே தருகின்றோம். தங்குமிடங்கள் மூன்றே: உரோமையில் நான்கு இரவு, அசிசியில் இரண்டு, பதுவையில் மூன்று.

உரோமை: கோவையிலிருந்து நேரடி விமானம் கிடையாது; இடையில் மாறித்தான் செல்ல வேண்டும். ஆதலின் வந்திறங்கிய நாளில் ஓய்வைத் தவிர வேறொன்றும் வைத்துக்கொள்ளலாகாது. தெர்மினி என்னும் தலைமை இரயில் நிலையத்துக்கு அருகிலேயே புனித மரியா பெருங்கோவில் உள்ளது. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அப்பகுதியில் தங்கினால் பெட்டியோடு நெடுந்தொலைவு நடக்க வேண்டுவதில்லை. புதன்கிழமைப் பொது மறைக்கல்வி உரைக்கு அனுமதி இலவசம். திருத்தந்தை ஊரில் இருக்கும் வாரமாகத் தேர்ந்துகொள்க.

அசிசி: உரோமையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையம் சமவெளியில் இருக்கிறது. பழைய நகரம் மலைமேல். பேருந்து உண்டு. நிலையத்துக்கு அருகில் உள்ள வானதூதர்களின் அன்னை பேராலயத்துக்குள்தான் புனித பிரான்சிஸ் தம் சபையைத் தொடங்கிய போர்சியுங்குலா என்னும் சிற்றாலயம் இருக்கிறது. 1226-இல் அவர் உயிர் நீத்ததும் அவ்விடத்திலேயே. முழங்கால் வலியுள்ளோர் சமவெளியில் தங்கி, மேலே பேருந்தில் சென்று வரலாம்.

பதுவை: அசிசியிலிருந்து புளோரன்ஸ் சென்று, அங்கே விரைவு இரயிலுக்கு மாற வேண்டும். புளோரன்ஸிலிருந்து பதுவைக்கு இரண்டு மணிக்கும் குறைவே. புலியகுளத்தில் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்த நமக்கு இவ்வூரை விளக்க வேண்டுமா? 1231-இல் மறைந்த அப்புனிதரின் கல்லறையும், அழியாத நாவும் அங்குள்ளன. நிலையத்திலிருந்து கோவில்வரை டிராம் வண்டி செல்கிறது. வெனிஸ் அங்கிருந்து அரைமணிப் பயணம். பாலங்கள்தோறும் படிகள் நிறைந்த அந்நகருக்குப் பெட்டியோடு செல்லாமல், காலையில் வெறுங்கையோடு சென்று மாலையில் திரும்புவதே நன்று. ஊர் திரும்பும் விமானத்தை வெனிசிலிருந்தே பதிவு செய்தால், மீண்டும் உரோமைக்கு வரும் அலைச்சல் மிச்சம்.

இரயில் பயணத்தில் கருத வேண்டியவை

நம் சென்னை வந்தே பாரத் ஆறு மணி நேரத்தில் கடக்கும் தொலைவையொத்த உரோமை–வெனிஸ் வழியை அங்குள்ள விரைவு இரயில்கள் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடக்கின்றன. ஆனால் நடுவழி நிலையங்களில் சில நிமிடங்களே நிற்கும். பெட்டி தூக்கச் சுமைகூலியாளும் இல்லை. எனவே ஆளுக்கு ஒரு பெட்டி. அதுவும் தாமே தூக்கக்கூடிய எடை.

ஊர்ப் பெயர்களை அந்நாட்டு மொழியிலேயே எழுதி வைத்துக்கொள்க. புளோரன்ஸ் அங்கே ‘ஃபிரென்சே’, பதுவை ‘பாதொவா’. அறிவிப்புப் பலகையில் இரயில் முடியும் ஊரின் பெயரே பெரிதாக இருக்கும். ஆகவே இரயில் எண்ணைப் பார்த்து ஏறுக. நிலையங்களில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டவணை புறப்படும் வண்டிகளுக்கு. வெள்ளை, வந்து சேருபவற்றுக்கு.

விரைவு இரயில்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் குறையும். ஆயின் மிக மலிவான சீட்டைப் பெரும்பாலும் மாற்ற இயலாது. வட்டார இரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை. அவற்றின் தாள் சீட்டை ஏறுமுன் நிலையத்துப் பொறியில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். நடக்க இயலாதோருக்குப் பெரிய நிலையங்களில் ‘சாலா புளூ’ என்னும் அலுவலகம் சக்கர நாற்காலியும் துணையும் கட்டணமின்றி அளிக்கிறது. முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும். இரயில் வேலைநிறுத்தங்களை அங்கே முன்கூட்டியே அறிவித்துவிடுவர். வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறைந்த அளவு வட்டார இரயில்கள் ஓடும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்கு மேல் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் பெறுக. மருந்துகளை மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்க. அவசர உதவிக்கு எண் 112. சூலை, ஆகத்து மாதங்களில் வெயில் கடுமை. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஏற்றவை.

ஒத்திகை

இறுதியாக ஒரு யோசனை கூறினோம். கொண்டுசெல்லப் போகும் அதே பெட்டிகளோடு, கோவைச் சந்திப்பில் இரயிலேறித் திருச்சி சென்று ஓரிரவு தங்கித் திரும்புக. யாரும் உதவலாகாது, பிள்ளைகள் வழியனுப்பவும் வரலாகாது. நடைமேடைப் படிகளில் பெட்டி கனத்தால், அதிலிருந்து எதை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

தம்பதியர் அவ்வாறே சென்று வந்தனர். திரும்பியதும் அம்மையார் தம் பெட்டியிலிருந்து மூன்று சேலைகளை எடுத்துவிட்டாராம். பெரியவர் எடுத்துவிட்டது, வழிகாட்டி நூல்கள் இரண்டு.

தோபித்து நூலில் இளைஞன் தோபியா தொலைவழி புறப்பட்டபோது, வானதூதர் இரபேல் வழித்துணையாக உடன் நடந்தார். நம் இல்லத்துப் பெரியோருக்கு அத்தகைய துணையை ஆண்டவர் ஏற்கெனவே திருமண நாளில் தந்துவிட்டார். நோயும் தளர்ச்சியும் வெட்கத்துக்குரியவை என்று எண்ணி, ஒருவர் மற்றவரிடம் மறைப்பதே பெருந்தவறு. இருவரில் மெதுவாக நடப்பவரின் நடையே பயணத்தின் வேகமாகட்டும். ஊர்கள் குறையலாம், செபிக்கக் கிடைக்கும் நேரம் கூடும். புறப்படுமுன் பங்குத்தந்தையின் ஆசீரையும் பெற்றுச் செல்லுங்கள். உங்கள் பயணம் இனிதாகுக!