எடை குறைந்த காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவனைப் பார்த்து, அதே சாயலில் இங்கிலாந்தில் பலர் வீட்டு கராஜிலேயே கார் கட்டுகிறார்கள். எடை சுமார் 600 கிலோதான். இதற்குப் பழைய செடானின் ஷாக் அப்சார்பரை மாட்டினால் என்ன?

காரைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டனின் சிறு துளைகளில் எண்ணெய் நெருக்கியடித்துப் பாய, ஆட்டம் வெப்பமாகிவிடும். கரடுமுரடான சாலையில் ஓடியபின் தொட்டால் சுடும். எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் பாதியானால், தேவைப்படும் அடக்கமும் பாதிதான். கனமான காருக்கானது இங்கே விறைத்துக்கொள்ளும். மேட்டில் ஏறிய சக்கரம் தரைக்குத் திரும்பத் தாமதிக்கும். தரையைத் தொடாத டயருக்கு ஏது பிடிமானம்?

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே எடை எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால் விலை கூடினாலும், குமிழைத் திருகி மாற்றக்கூடியதே என் தேர்வு. மிக மென்மையான நிலையில் தொடங்கி, கார் மிதப்பது நிற்கும்வரை ஒவ்வொரு ‘கிளிக்’காக ஏற்றலாம்.