உங்களுக்குத் தெரியுமா? நாக்கின் அடியில் வெடிமருந்து!

டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரின், இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையிலும் இருக்கிறது! அளவு அரை மில்லிகிராம் போல, வெடிக்காது.

• டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, இறுதிக்காலத்தில் இதய நோய்க்காக மருத்துவர்கள் இதைப் பரிந்துரைத்தார்கள்.

• விழுங்கினால் பயன் மிகக் குறைவு. குடலில் உறிஞ்சப்படும் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்கின் அடியிலுள்ள மெல்லிய சவ்விலோ ஏராளமான ரத்தக்குழாய்கள். அந்த வழியே போனால் கல்லீரலில் சிக்காமல் நேரே ரத்தத்தில் கலக்கும். சில நிமிடங்களில் வலி தணியத் தொடங்கும்.

• உட்கார்ந்துகொண்டே வைக்க வேண்டும்; ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரலாம். ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் மாத்திரை போட்டிருந்தால் இது உயிருக்கே ஆபத்து. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.